புல் என்று பிடுங்கியது

இன்றைக்கும் முளைத்திருக்காது. முளைத்திருந்தாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது, பார்க்க யாரும் இல்லாவிட்டாலும் சரி. மனதுக்கு முன்கூட்டியே இப்படிச் சமாதானம் சொல்லிவிட்டுத்தான் அவள் தினமும் காலையில் வாஷிங் மெஷினின் மேலிருந்த விதைத் தட்டின் மூடியைத் தூக்குவாள். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். ஜன்னல் வெயில் மத்தியானம் வரை அங்கே விழும். அன்றைக்குத் தூக்கியபோது மணலுக்கு மேல் பச்சையாக ஒரு கொக்கி தெரிந்தது. மெலிந்த ஒற்றை இலை, வளைந்து, நுனியில் தன் கறுப்பு விதையையே தொப்பியாக மாட்டிக்கொண்டு நின்றது. மூடியைக் கையில் பிடித்தபடி அவளும் நின்றாள். உள்ளேயிருந்து கணவர் தன் நீலச் சட்டை எங்கே என்று இரண்டாம் முறையாகக் கேட்டார். யுக்கா முளைத்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இன்னும் நாலு முளைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டின் முன்னால் ஒரு காலத்தில் மாமனார் வளர்த்த புல்தரை இருந்தது. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாகி, பிறகு அதுவும் நினைத்தபோது என்றானதும், புல் பழைய பாய் மாதிரி காய்ந்து, பாயும் கிழிந்து, கடைசியில் மண்தான் மிஞ்சியது. மாடியில் மூத்தார் குடும்பம், கீழே இவர்கள். டைல்ஸ் பதித்துக் காரை நிறுத்திவிடலாம் என்றார் மூத்தார். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கணவர் வழக்கம்போலத் தலையாட்டினார். அப்போதுதான் அவள், அந்த வீட்டில் தனக்கென்று எதையும் கேட்டே பழகாதவள், "எனக்கு அந்த இடம் வேணும்" என்றாள். மூலையில் இருந்த ஃபிரிட்ஜ் வாயைத் திறந்து பேசியது போல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீரே கேட்காத செடி வைக்கப் போகிறேன் என்று அவள் யுக்காவைப் பற்றிச் சொன்னாள். ஒரு படமும் காட்டினாள். ஆள் உயரத்தில் கத்தி கத்தியாக இலைகள், நடுவில் வெள்ளைப் பூக்குலை. மூத்தார் சிரித்துவிட்டு ஒரு கெடு வைத்தார். அடுத்த கோடை முடிவதற்குள் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது நின்றால் இடம் அவளுக்கு, இல்லையென்றால் காருக்கு. மூத்தாரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தெருவில் நிற்கிற காரில் யாராவது கோடு போட்டுவிடுவார்கள் என்ற கவலையில் அவர் பாதித் தூக்கம் தூங்குகிறவர். அன்றிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு, அரிசி வந்துவிட்டதா, மோட்டார் போட்டாயா என்ற அளவில் நின்றுபோனது.

நர்சரியில் பெரிய செடியாகவே வாங்கினால் என்ன என்று கணவர் கேட்டார். தினமும் தண்ணீர் குடித்துப் பழகியது நம் மண்ணுக்கு வந்தால் ஏங்கிப்போகும் என்றாள். அது பாதிக் காரணம். மீதியை அவளால் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் எல்லாமே வளர்ந்து முடிந்த பிறகுதான் அவளிடம் வந்து சேர்ந்தன. மேசை, பாத்திரம், யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்ற வழக்கம், எல்லாம். எதையாவது ஒன்றை அதன் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் போல் இருந்தது. தபாலில் விதை வந்தது, தட்டையாக, கன்னங்கரேலென்று. அவள் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸின் ஓரத்தைச் சட்டத்துக்குப் பொருந்தும்படி தேய்த்துத் தருவது அவள் பொறுப்பு. ஒரு மயிரிழை கூடினால் லென்ஸ் உட்காராது, குறைந்தால் விழுந்துவிடும். அந்தக் கையாலேயே ஒவ்வொரு விதையையும் உப்புத்தாளில் ஓரம் மட்டும் மெல்லத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பெருமணலும் கொஞ்சம் மண்ணும் கலந்த தட்டில் பதித்தாள்.

நாலு முளைத்தபோதும் அவள் சொல்லவில்லை. தட்டு நிறைய முளைத்தபோதும் சொல்லவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, அவை பார்க்கப் புல் மாதிரியே இருந்தன. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று மூத்தார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தான் உடைந்துபோவோம் என்று அவளுக்குத் தெரியும். முன்பக்கம் மண்ணைக் கொத்தி, மேடாக்கி, நாற்றுகளை வரிசை வைக்காமல் அங்கங்கே ஊன்றி, சுற்றிலும் ஜல்லி பரப்பினாள். மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் இன்னும் நிலத்தைத் தயார் செய்துகொண்டிருப்பதாகத்தான் தோன்றியது. தோன்றட்டும் என்று விட்டாள். கொஞ்சம் தடித்து, கொஞ்சம் விறைத்து, கத்தி என்று சொல்லும்படி ஆனதும் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டலாம். மனதுக்குள் அந்தக் காட்சியை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தாயிற்று. அதில் அவள் ஒன்றும் பேசமாட்டாள், விரலை மட்டும் நீட்டுவாள்.

கோடை பாதி கடந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து வந்தவள் கேட்டைத் திறந்ததும் நின்றாள். மேடு முழுக்க வழித்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. வாசற்படியில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் மண், முகம் வெயிலில் சிவந்திருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வா வா. எப்படி இருக்கு பாரு. உன் செடி தலைகாட்டறதுக்குள்ள புல்லு முந்திக்கிச்சு. நீயும் பாவம், எத்தனைக்குத்தான் ஓடுவ? அதான் நானே குனிஞ்சு எல்லாத்தையும் எடுத்துட்டேன். என் இடுப்பு இப்ப என்கிட்ட இல்ல."

"எங்க போட்டீங்கக்கா?"

"எதை?"

"புல்லை."

"குப்பைத் தொட்டியிலதான். ஏன், மாடு கீடு வாங்கப் போறியா?"

கோபம் வர வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. சமாதானத்துக்கு வந்த கையை எப்படித் தட்டிவிடுவது? இந்த மனுஷி இடுப்பு வலியோடு வெயிலில் குனிந்தது தனக்காக. பிடுங்கியது அவர் கை என்றால், புல்லாகவே நினைக்கும்படி அவற்றை ஊமையாக வைத்திருந்தது யார்? அவள் கைப்பையைப் படியில் வைத்தாள். தொட்டியை இழுத்து வந்து தரையில் கவிழ்த்தாள். அதன் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, இதுதான் அது."

ஓரகத்தி எழுந்து வந்து குவியலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி குவியலைப் பார்த்தார். சிரிப்பு முகத்தை விட்டு மெதுவாக இறங்கியது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் கடைசியில்.

சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வி வேறு பல வருஷங்களுக்கும் சேர்த்துக் கேட்டது போல அவளுக்குள் இறங்கியது. ஓர் இலையை எடுத்து, விரலால் மடக்கிக் காட்டினாள். புல் மடங்கினால் மடங்கியபடி கிடக்கும். இது மடங்காது, எதிர்த்து நிமிரும். ஓரகத்தி பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் தப்புத் தப்பாகப் பொறுக்கி, பிறகு கை பழகி, இருட்டும்வரை அவளோடு பிரித்தார். வேர் முழுசாக வந்தது ஒரு பக்கம், அறுந்தது ஒரு பக்கம். நடுவில் ஒருமுறை, இனிமேல் உன் வீட்டுப் பக்கம் ஒரு துரும்பைக்கூடத் தொடமாட்டேன் என்றார். தொடுங்கள், கேட்டுவிட்டுத் தொடுங்கள் என்று அவள் சொன்னதும் இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

வேரோடு வந்தவற்றை மேட்டிலேயே அவள் மறுபடி ஊன்றியதும் கணவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கிச் சுவரோரம் வைத்தாள். காயம்பட்ட வேருக்குத் தண்ணீர் பட்டால் அழுகிவிடும், காய்ந்த மண்ணில் சும்மா நிற்கட்டும் என்றாள். பழைய வேட்டியால் பந்தல் போட்டு நிழல் மட்டும் கொடுத்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. ராத்திரி எழுந்துபோய் ஊற்றிவிடுவாரோ என்று பயந்து வாளியை உள்ளே எடுத்து வைத்துவிட்டே படுத்தாள். அவளுக்கும் கை துறுதுறுத்தது. கொடுக்காமல் இருப்பதும் ஒரு வேலைதான் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டாள், கொடுத்தே பழகிய கைக்கு அதுதான் பெரிய வேலை. இலைகள் வெளிறின, பாதிக்கு மேல் சாய்ந்தன. சாய்ந்ததை எடுத்துப் போட்டாள். மிச்சம் நின்றன. பிறகுதான் ஒரு கிண்ணம் தண்ணீரைப் பகிர்ந்து ஊற்றினாள்.

கோடை முடிகிற சமயம், காலையில் பேச்சுக்குரல் கேட்டு வெளியே வந்தாள். மூத்தார் கொத்தனாரோடு நின்றிருந்தார். கொத்தனார் கேட்டின் பக்கம் ஒரு முளைக்குச்சியை அடித்து நூலைக் கட்டி, மேட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தார். நூலின் மறுமுனை மூத்தாரின் கையில் இருந்தது. கணவர் படியில் பல்துலக்கும் பிரஷோடு நின்றார். அவர் பார்வை யார் மேலும் நிற்கவில்லை.

"வாம்மா. உனக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான்" என்றார் மூத்தார். நிஜமாகவே அப்படித்தான் சொன்னார், கிண்டல் இல்லை. "நர்சரியில பெருசா நாலு யுக்கா சொல்லி வச்சிருக்கேன். தொட்டியோட மொட்டை மாடிக்கு வந்துடும், என் செலவு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அவர் வேலையை ஆரம்பிச்சிடுவார்."

கொத்தனார் அடுத்த முளையோடு மேட்டில் கால் வைக்கப் போனார்.

"மிதிக்காதீங்க" என்றது மாடிப்படியிலிருந்து ஒரு குரல். ஓரகத்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார். "அது புல்லு இல்ல."

மூத்தார் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கொத்தனார் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜல்லிக்கு வெளியே வைத்தார்.

அவள் மேட்டைப் பார்த்தாள். கண்ணில் படுகிற மாதிரி என்றுதான் கெடு. விரல் நீளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றவற்றை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். வாதாடினால் தோற்றுவிடுவாள். அழுதால் நாலு தொட்டி எட்டுத் தொட்டியாகும். விரல் நீட்டிக் காட்டுகிற அந்தப் பழைய காட்சி இப்போது நினைவுக்கு வந்து, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஊமையாக இருந்ததெல்லாம் போதும்.

"வேண்டாம் அத்தான்" என்றாள்.

"எது வேண்டாம்? தொட்டியா?"

"தொட்டியும் வேண்டாம், டைல்ஸும் வேண்டாம். இவ்வளவுதான் இப்ப இருக்கு. மெதுவாத்தான் வரும். இந்த இடத்தை நான் தரலை."

குரல் உயரவில்லை. கடையில் ஒரு லென்ஸைச் சட்டத்தில் பொருத்திவிட்டு, சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கிற குரல்தான். கேட்டருகே போய்க் குனிந்து, முளையிலிருந்த முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்தாள். நூலை அழுக்குப்படாமல், சிக்கு விழாமல், இடது கை விரல்களில் சுற்றிக்கொண்டே நாற்றுகளுக்கு நடுவில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள். ஒரு கட்டத்தில் நூல் விறைத்தது. மறுமுனை இன்னும் மூத்தாரின் விரலில் சுற்றியிருந்தது. அவள் அதை இழுக்கவில்லை, விடவும் இல்லை. முழங்கால் உயரத்தில் அது நடுங்காமல் நின்றது. கீழே அதன் நிழல், மெல்லிய கோடாக, ஜல்லியின் மேல் ஏறி இறங்கிக் கிடந்தது.