எதிரித் தெருவில் ஒரு பெயர்ப்பலகை

திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியிலிருந்த ஒரு சின்ன கிராபிக்ஸ் ஆபீசில், 2008-இல் வெளிநாட்டு வீடியோ கேம் ஒன்றுக்குத் தெரு வரைந்துகொண்டிருந்தார்கள். எதிரிகளின் தெரு. சந்து பொந்தெல்லாம் உண்டு, தொப்பியும் தாடியுமாகத் துப்பாக்கியோடு பாய்கிற ஆண்கள் உண்டு. கறிவேப்பிலை வாங்கப் போகிற பொம்பளை ஒருத்தி கிடையாது. அங்கே கடைப் பலகைகள் வரைகிற சிஃபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாயங்காலம் அனுப்பணும். பலகைங்கள்ல அரபி மாதிரி எதனா கிறுக்கி வை. உனக்குத்தான் அந்த எழுத்து வருமே," என்றான் டீம் லீடர் பார்த்திபன்.

திங்கட்கிழமை அவளுடைய வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்லப்போகிறவன் அவன்தான். சரியென்று வரைய உட்கார்ந்தாள். ஆனால் குர்ஆன் ஓதுகிற எழுத்தைக் கிறுக்கலாக்க மனம் வரவில்லை. பழவேற்காட்டில் பிறந்த அவள் அம்மா, தையல் அளவு நோட்டில் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதுவாள். சிஃபாவும் அப்படியே எழுதினாள்: 'பத்ருன்னிசா தையல் கடை'. அம்மாவின் பெயர். அந்தத் தெருவில் ஒரு மனுஷியாவது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

பார்த்திபன் கேமைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தான். எடுத்த எடுப்பில் அந்தப் பலகையைத்தான் சுட்டான். படபடவென்று ஓட்டை விழுந்தது. துப்பாக்கி முன்னால் அம்மாவைத் தானே கொண்டுபோய் நிறுத்திவிட்டோமே என்று சிஃபா பதறினாள்.

"சார், அங்க சுடாதீங்க. அது எங்கம்மா பேரு."

"வெறும் எழுத்து தானே. இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற? ஓட்ட கரெக்டா விழுதான்னு பாக்க வேணாவா?" இன்னும் நாலு முறை சுட்டான். "புடிக்கலன்னா மாத்திக்கோ. ஆறு மணிக்கு அனுப்பிடுவேன்."

மணி ஐந்தே முக்கால். வேலை போனாலும் போகட்டும் என்று அம்மாவின் பெயரை அழித்தாள். அந்த இடத்தில் வேறொரு பெயரை எழுதி, "பாருங்க சார்," என்றாள்.

அவன் குறி வைத்தான். "இப்ப இன்னா எழுதிக்கீற?"

"பார்த்திபன் தையல் கடை."

மவுசின் மேல் அவன் விரல் அப்படியே நின்றது. அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். அவனுக்குப் படிக்கவே தெரியாத எழுத்து. ஆனாலும் சுடவில்லை.

"அத மாத்திடும்மா," என்றான் கடைசியில், குரல் இறங்கி.

"டைம் ஆவுது சார்," என்றாள் சிஃபா. "ஓட்ட கரெக்டா விழுதான்னு பாருங்க."