திரும்பிப் பார்க்காதவனின் உதை

நாகரிகங்கள் எழுவதும் விழுவதும் ஏழாம் எண் சட்டைக்காரனும் ஆறாம் எண் சட்டைக்காரனும் எப்படி ஜோடி சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மரிங்கெல்லா ரக்பி லீக் அணியின் கேப்டனும் பயிற்சியாளருமான டேமியன் கஸக் இதை அறிவித்தபோது, தகரக் கொட்டகையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் இறைச்சி அடைத்த பலகாரம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஜோடின்னா ஒருத்தன் மூளை, ஒருத்தன் கால்," என்றான் டேமியன். ஏழாம் எண் அவனுடையது. "மூளை நான்."

"அப்ப உதைக்கிறது நானா?" என்றான் ஆறாம் எண் ரீஸ் பொலாக்.

"அதுவும் நான்தான்."

"அப்ப நான் யாரு, குடலா?"

பலகாரம் தின்றவர்களுக்குப் புரையேறியது. டேமியன் சிரிக்கவில்லை. "மைதானத்துல ஒரே குரல்தான் கேக்கணும். என் குரல். வாயைத் திறந்தே, பெஞ்சுல உக்கார வெச்சிருவேன்."

மிரட்டலுக்குக் காரணம் இருந்தது. இன்று ஜெயிக்காவிட்டால் அரையிறுதி கிடையாது. அரையிறுதி இல்லையென்றால் அடுத்த வருஷம் ரீஸ்தான் கேப்டன் என்று கிளப் தலைவர் மதுக்கூடத்தில் பத்துப் பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டார். அந்தப் பத்தில் டேமியனும் ஒருவன்.

ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போது டன்கேலி அணி பதினெட்டு, மரிங்கெல்லா பன்னிரண்டு. மூலைக்கோட்டில் பாய்ந்து பந்தை ஊன்றி நான்கு புள்ளி வாங்கித் தந்தான் ஈசிகேலி, இறைச்சி ஆலையில் வேலை செய்யும் ஃபிஜிக்காரன். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. சமன்.

டேமியன் உதைத்தான். உதைத்த கையோடு முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தான். பந்து எங்கே போகிறது என்று பார்ப்பது சின்ன ஆட்டக்காரர்களின் வழக்கம் என்பது அவன் கொள்கை. ஸ்கோர் பலகையில் புள்ளி பார்ப்பதும் அதே ரகம்.

பந்து இடது கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது. வேலியோரம் நிறுத்தியிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. மரிங்கெல்லாவில் புள்ளி விழுந்தால் ஹாரன் அடிப்பார்கள். அன்று அடித்தவை டன்கேலிக்காரர்களின் வண்டிகள். டேமியன் ஒரு கையை லேசாக உயர்த்தி அதை ஏற்றுக்கொண்டான்.

"டேமியன், ஸ்கோர் வந்து..." என்று ஓடி வந்தான் ரீஸ்.

"என்ன சொன்னேன் நான்?"

"இல்ல, கேளு..."

"இன்னொரு வார்த்தை பேசு, வெளிய போயிருவே."

"சரி கேப்டன்," என்றான் ரீஸ். அந்த 'கேப்டன்'-இல் கொஞ்சம் எச்சில் கலந்திருந்தது. மற்றவர்களும் வாயை மூடி ஒழுக்கத்தைக் காப்பாற்றினார்கள்.

டன்கேலி மறுபடி உதைத்துத் தொடங்கியது. மரிங்கெல்லா பந்தோடு முட்டி முட்டி எதிரிக் கோட்டருகே போய்ச் சேர்ந்தது. ஐந்து முறை மடக்கிவிட்டார்கள்; ஆறாவது முறை மடக்கினால் பந்து எதிரிக்குப் போய்விடும். இதுதான் கடைசி வாய்ப்பு. வலது ஓரத்தில் ஈசிகேலியின் முன்னால் ஆளே இல்லை. ரீஸ் இரண்டு கையையும் நீட்டிப் பந்து கேட்டான். வாயைத் திறக்கவில்லை.

டேமியன் அந்தக் கைகளைப் பார்த்தான். புகழில் பங்கு கேட்கும் கைகள். சமனில் இருக்கும் ஆட்டத்தை ஜெயிக்க ஒரு புள்ளி போதும். ஓடும் ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டிக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் அது வந்துவிடும். உதைத்தான். முதுகைத் திருப்பினான். ஆட்டம் முடிந்ததற்கான சங்கு ஊதியது. ஹாரன்கள் அலறின.

இரண்டு கையையும் விரித்து வேலியோரம் ஓடினான். யாரும் பின்னால் வரவில்லை. பொறாமை என்று எடுத்துக்கொண்டான். ரீஸ் மட்டும் சட்டையைக் கழற்றியபடி நடந்து வந்தான்.

"நல்ல உதை."

"இப்பப் பேசலாம். சொல்லு, யாரு மூளை?"

"நீதான். பந்து நட்டநடுவுல போச்சு."

"ஜெயிச்சது எத்தனைல?"

ரீஸ் பலகையைக் காட்டினான். கேப்டன் அந்தப் பருவத்தில் முதல் முறையாக அதைப் பார்த்தான்.

டன்கேலி பதினெட்டு, மரிங்கெல்லா பதினேழு.