ஒரு வீட்டுக்கு ஒரு பூட்டு

தங்கச்சி சாக்கில் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். இறந்துபோன புருஷனின் சட்டைகள். மடிக்கக்கூட இல்லை, காலால் மிதித்து அழுத்தினாள்.

"எங்கயாவது கொண்டுபோய்ப் போட்டுடுண்ணே. இந்த வீட்ல இருக்க வேணாம்."

"என்னம்மா இது, இன்னும் மூணு வாரம் முழுசா ஆகல..."

"பூட்டு மாட்டாம மெஷினுக்குள்ள இறங்கின மனுசன். என்னையும் பிள்ளையையும் நெனச்சிருந்தா இறங்கியிருப்பாரா? அழுகை வரமாட்டேங்குது. எரிச்சல்தான் வருது."

அண்ணன்காரர் குனிந்து சாக்கின் வாயைக் கட்டினார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அவர் மாட்டுத்தீவன ஆலையில் ஃபிட்டர். அங்கே கலவைத் தொட்டிக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் மெயின் சுவிட்சில் தன் பெயர் எழுதிய பூட்டை மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். உள்ளே எத்தனை ஆளோ அத்தனை பூட்டு. கடைசி ஆள் ஏறிவந்து தன் பூட்டைக் கழற்றும்வரை எவனாலும் சுவிட்சைப் போட முடியாது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்கும் விளங்குகிற சட்டம்.

தங்கச்சி புருஷன் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார். போன மாதம் தன் பூட்டின் சாவியைத் தொலைத்துவிட்டார். வேறு பூட்டுக்கு ஃபிட்டர்தான் ஸ்டோருக்கு எழுதித்தர வேண்டும்.

"எதுக்கு மாப்ள? ஒரே வீட்டு ஆளுங்க நாம. நமக்குள்ள ரெண்டு பூட்டா? என் பூட்டே போதும்" என்றார் ஃபிட்டர்.

"அதுவும் சரிதான் மச்சான். உங்களுது ஜெபம் பண்ணின பூட்டாச்சே!" என்று மாப்பிள்ளை சிரித்தார். வேலை தொடங்குமுன் கண்ணை மூடி நிற்கிறவர் என்பதால் ஆலையில் ஃபிட்டருக்கு 'பாஸ்டர்' என்றுதான் பெயர்.

சாவியில்லாத அந்தப் பூட்டு ஃபிட்டரின் கருவிப் பெட்டியிலேயே கிடந்தது.

விபத்து நடந்த அன்று மத்தியானம் தொட்டிக்குள் பிளேடு மாற்றி முடித்து இருவரும் வெளியே வந்தார்கள். ஃபிட்டர் நேரே போய்ப் பூட்டைக் கழற்றினார். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மாப்பிள்ளை மறுபடியும் உள்ளே இறங்கியிருந்தார். ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினான்.

வெளியே எடுத்தபோது மாப்பிள்ளையின் கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. பிடியில் சிவப்பு டேப் சுற்றியது. ஃபிட்டர் உள்ளே மறந்து வைத்துவிட்டு வந்த அவருடைய ஸ்பேனர்.

மறுநாள் மேனேஜர் தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு ஃபிட்டரை உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் இல்லாத மரியாதை. இது நல்லதுக்கில்லை என்று அப்போதே ஃபிட்டருக்குப் பட்டது.

"சுவிட்ச்ல அவரோட பூட்டு இருந்துச்சா?"

"இல்ல சார்."

"வேற ஒண்ணும் வேணாம். இதுல கையெழுத்துப் போடுங்க."

'இறந்தவர் தம் பூட்டை மாட்டாமல் தொட்டிக்குள் இறங்கினார்.' ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஃபிட்டர் கையெழுத்துப் போட்டார்.

சாக்கைத் தூக்கி வந்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ராப்போஜனம். பாவத்தை மறைத்துக்கொண்டு தொடக் கூடாத அப்பம், தட்டில் பெஞ்சு பெஞ்சாக வந்தது. ஃபிட்டர் தொடாமல் அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். பக்கத்தில் இருந்த தங்கச்சி பார்த்துவிட்டாள்.

"ஏண்ணே எடுக்கல?"

"வயிறு சரியில்லம்மா."

இது மட்டும் அப்பட்டமான பொய். அதையும் கோயில் பெஞ்சில் உட்கார்ந்தே சொன்னார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. முழங்காலில் நின்றும் பார்த்தார். ஜெபம் வரவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த சாக்குதான் கண்ணில் பட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் போய் நின்றார். இந்த முறை நாற்காலி வரவில்லை.

"சார், அந்தக் காகிதத்த மாத்தணும். அவருக்குப் பூட்டு வேணாம்னு சொன்னது நான்தான். உள்ள ஆள் இருக்கானான்னு பாக்காம கழட்டினதும் நான்தான்."

"பாஸ்டரே, புத்தி பேதலிச்சுப் போச்சா? முடிஞ்சுபோன விஷயம். வேலை போகும், கேஸ் ஆகும். ஏன், உங்க தங்கச்சி உங்க மூஞ்சில முழிப்பாங்களா?"

"மாட்டா சார்" என்றார் ஃபிட்டர். "எழுதிக்குங்க."

அங்கிருந்து தன் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கடியில் இருந்த சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனார். அடுக்களை மேசைமேல் அந்தப் பூட்டை வைத்தார். மாப்பிள்ளையின் பெயர் பாதி அழிந்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், ஸ்பேனர் உட்பட.

தங்கச்சி பூட்டைக் கையில் எடுத்து அந்தப் பெயரை விரலால் தடவினாள்.

"வெளிய வந்துட்டாரா?"

"வந்துட்டாரும்மா."

"உன் ஸ்பேனருக்காகவா திரும்பிப் போனாரு?"

"ஆமா."

"நான் அவர என்னெல்லாம் சொன்னேன். சாக்குல போட்டு மிதிச்சேன். நீ பாத்துக்கிட்டு நின்னியேண்ணே."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். அதைக் கேட்காமல் சாக்கை இறக்கி அவள் முன்னால் வைத்தார்.

அவள் சாக்கைக் கவிழ்த்தாள். தரையில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடியில் விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவினாள். காலரில் முகத்தைப் புதைத்துக்கொண்டபோதுதான் அழுகை வந்தது. மூன்று வாரமாய் வராத அழுகை. ஃபிட்டர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"கிட்ட வராதே" என்றாள் நிமிராமல். "போ. இனிமே வராதே."

அடுத்த ஞாயிறுக்குள் அவருக்கு வேலை போயிருந்தது, விசாரணைக்கு வரச் சொல்லிப் போலீஸ் நிலையத்திலிருந்து சீட்டும் வந்திருந்தது. கோயிலுக்குப் போய்த் தங்கச்சியும் அவரும் வழக்கமாய் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். தங்கச்சி நாலு பெஞ்சு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஜெப விண்ணப்பம் உண்டா என்று போதகர் கேட்டபோது எழுந்து, புருஷன் பெயரைச் சத்தமாய்ச் சொல்லி, "நல்ல மனுசன் அவரு. அவருக்காக நன்றி சொல்லணும்" என்றாள்.

திரும்பிப் பார்ப்பாளோ என்று ஃபிட்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. தன் பக்கத்தில் காலியாய்க் கிடந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து அவரும் "ஆமென்" என்றார்.