மிஜங் அக்காவின் பதில்

எங்கள் மென்பொருள் கம்பெனியின் டைரக்டர், மா என்பவர், முக்கியமான முடிவுகளைச் சாப்பாட்டு மேசையில்தான் எடுப்பார். அன்று அலுவலகத்துக்கு எதிரே இருந்த சீனக் கடையில் ஐந்து பேர் உட்கார்ந்தோம்.

"யாருக்கு என்ன வேணுமோ தாராளமா சொல்லுங்க. எனக்கு ஜஜாங்மியன்."

அவ்வளவுதான், கறுப்பு பீன்ஸ் விழுது போட்ட அந்த நூடுல்ஸ் ஐந்து கிண்ணம் மேசைக்கு வந்தது. எனக்கு வேண்டியிருந்தது காரமான மீன் நூடுல்ஸ். கொரியாவின் சியோல் நகரத்தில் மேலதிகாரி வாயைத் திறந்தபின் நம் நாக்குக்கு ஏது உரிமை?

மருத்துவமனை ஒன்றின் முன்பதிவுத் தளத்தை எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்பதுதான் அன்றைய பேச்சு. மிஜங் அக்கா ஏற்கனவே பைத்தானில் பாதி எழுதி ஓடவும் வைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். குழந்தைக்காகப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவள். வேறு மொழி என்று முடிவானால் மாதக் கடைசியோடு வேலை போய்விடும். மேசையில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும்.

"மொழி விஷயத்துலயும் மனசுல பட்டதைச் சொல்லுங்க," என்றார் டைரக்டர், நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே. "ஜாவான்னா பரவாயில்லைன்னு தோணுது."

"நானும் அதேதான் நெனச்சேன் சார்," என்றான் எங்களோடு வேலை பார்க்கும் தக்.

"ஜாவான்னா ஆள் சுலபமா கிடைப்பாங்க சார்," என்றான் அவன் பக்கத்தில் இருந்த இன்னொரு சகா யோம்.

நேற்றுவரை ஜாவாவைத் திட்டித் தீர்த்த வாய்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பைத்தான் சார்," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "பாதி வேலை முடிஞ்சிருக்கு. அதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சா சொன்ன தேதிக்கு முடியாது."

தக் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். டைரக்டர் கோபப்படவில்லை. மிஜங் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதினவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க."

சொல்லித் தொலை அக்கா என்று மனதுக்குள் கத்தினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. அவர் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஜாவாவே இருக்கட்டும் சார். கத்துக்கறேன்."

"சரி, அப்ப ஜாவா," என்று அவர் தண்ணீரைக் குடித்தார்.

எழுந்து வரும்போது வாசலருகே என்னை நிறுத்தினார்.

"சேரின், எனக்கும் பைத்தான்தான் சரின்னு பட்டுச்சு. நீங்க எல்லாரும் ஜாவாதான் கேப்பீங்கன்னு நெனச்சு முதல்ல அதைச் சொன்னேன். அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தோட முடிச்சிருப்பேன்."

"இப்ப மாத்துங்களேன் சார்!"

"எல்லார் முன்னாடியும் முடிவு பண்ணியாச்சேம்மா. அவங்க கத்துக்கற வரைக்கும் சம்பளம் குடுக்க மேல ஒத்துக்கவும் மாட்டாங்க."

வெளியே மிஜங் அக்கா எனக்காகக் காத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நல்லவேளைடி, நான் வாயை மூடிக்கிட்டேன். உன்னை மாதிரி எதிர்த்துப் பேசியிருந்தா, கத்துக்க நேரம் குடுத்து ஒப்பந்தத்தை நீட்டிப்பாரா?"

அவள்மேல் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. சிக்னல் மாறி, தெருவைக் கடந்து முடிக்கும்வரை அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.