காந்தம் எடுத்த இரும்பு

கொழுந்தனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் காந்தம். பழைய இரும்பு எங்கே கிடந்தாலும் அவன் கை போய் ஒட்டிக்கொள்ளும். போர்க்காலத்துத் தோட்டா உறை, பட்டாளத்துப் பொத்தான், துருப்பிடித்த தலைக்கவசம் என்று அவன் அறையில் கால் வைக்க இடம் கிடையாது. ரெண்டு நாள் ஆற்றோரம் போய்ப் படகு விட்டு வரலாம் என்று கிளப்பிவிட்டவனும் அவன்தான். அண்ணன் தலையாட்டினான். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அண்ணிக்கு எக்ஸ்ரே அறையை விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

மத்தியானமே ஆற்றோர விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் துடுப்புகளை எடுத்துக் கொடுக்கும்போதே விடுதிக்காரம்மா சொன்னார்: "உடைஞ்ச பாலத்தைத் தாண்டிப் போகாதீங்க. இந்த வருஷம் தண்ணி வத்திப்போச்சு. அடியில கிடந்ததெல்லாம் மேல வருது."

"என்ன வருது?" என்றாள் அண்ணி.

விடுதிக்காரம்மா அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

பின்வாங்கிய படை வெடி வைத்துத் தகர்த்த பாலம் அது. மூன்று தூண்கள் மட்டும் குண்டு துளைத்த வடுக்களோடு நின்றன. காந்தம் விடுதிக்காரம்மா பேச்சைக் கேட்காமல் படகை அங்கேதான் விட்டான். தூண்களுக்கிடையே நீர் சுழித்து இழுத்தது. படகு ஒருபக்கமாகச் சாய, அண்ணன் துடுப்பால் தூணை உந்தித் தள்ளினான். மூவரும் தொப்பலாக நனைந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். காந்தம் கூச்சலிட்டுச் சிரித்தான். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

மணல்திட்டில் இறங்கிய காந்தம், சேற்றிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒன்றை உருவினான். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் அதைக் கழுவி, படகில் அண்ணியின் காலடியில் வைத்தான். கூம்பிய மூக்குள்ள பீரங்கிக் குண்டு.

"தம்பி, அதை இறக்கி வை."

"வெறும் கூடு அண்ணி. இத்தனை வருஷம் தண்ணியில ஊறினது, இனிமே என்ன செய்யும்?"

"அதுவா நானான்னு சொல்லு."

"நல்ல பயந்தாங்கொள்ளியைக் கட்டிக்கிட்டேன்" என்றான் அண்ணன்.

அவள் படகை விட்டு இடுப்பளவு நீரில் இறங்கி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அண்ணனின் சிரிப்பு அடங்கியது. காந்தம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குண்டை மணலிலேயே போட்டுவிட்டு வந்தான்.

திரும்பும்போது நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டியிருந்தது. தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. படகின் அடியில் ஏதாவது உரசும்போதெல்லாம் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

கரையேறியதும் அண்ணி போலீசுக்குப் போன் செய்தாள். மதியம் ராணுவத்திலிருந்து ஆட்கள் விடுதிக்கு வந்தார்கள். மணல்திட்டுக்குப் போய்வந்த அதிகாரி, "காலிக் கூடுதாம்மா, பயமில்ல" என்றார். "மூக்கு ஓட்டையா இருக்கு. பித்தளை மூடியோட இருந்தாத்தான் வினை. தொடவே கூடாது."

சொன்னேனே என்று காந்தம் குதிப்பான் என எதிர்பார்த்தாள் அண்ணி. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி... நேத்து சாயங்காலம் கரையில இன்னொண்ணு எடுத்தேன். அதுல பித்தளை மூடி இருந்துச்சு."

"எங்கடா அது?"

"கார் டிக்கியில. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

காலையில் அந்தக் காரில்தான் படகுத்துறைக்குப் போய்வந்தார்கள். கல்லும் குழியுமான பாதையில் வண்டி தூக்கிப் போட்டபோது, அண்ணியின் தலை கூரையில் இடித்ததென்று மூவரும் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். இப்போது கார், விடுதியின் சமையலறைச் சுவரை ஒட்டி நின்றது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அதிகாரியின் குரல் மாறியது. விடுதியையே காலி செய்து எல்லாரையும் மேட்டுக்கு விரட்டினார்கள். கையில் கரண்டியோடு ஓடிவந்தார் விடுதிக்காரம்மா. ஒரே ஒரு வீரர் மட்டும் காரை நோக்கி நடந்தார். அவர் டிக்கியைத் திறந்ததைப் பார்த்த அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

குண்டை ஆற்றங்கரைப் பள்ளத்தில் வைத்து வெடிக்கச் செய்தார்கள். மணல் பனைமர உயரத்துக்கு எழும்பியது. விடுதியின் கண்ணாடி ஜன்னல்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. காந்தம் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அண்ணி அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

காலி டிக்கியோடுதான் ஊருக்குக் கிளம்பினார்கள். இருந்தும் அண்ணன் வழி முழுக்க வண்டியை நடைவேகத்திலேயே ஓட்டினான். சீக்கிரம் போ என்று யாரும் சொல்லவில்லை.