அன்னாசிப்பூ மணம்

கல்பாசிய ரொம்பப் பிரட்டாத, கசந்துரும், என்று சங்கரநாராயணன் சொன்னது வாணலிக்குள்ளிருந்தே கேட்கிறது செண்பகவல்லிக்கு, ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிற மனுஷன், கல்யாணமான நாளாய் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், கல்பாசி கசக்குமென்று அவனுக்கு எவள் சொல்லிக்கொடுத்தாள், கண்ணை மூடினால் ஒரு பெண்ணின் கை மட்டும் வந்து மெல்லப் பிரட்டுகிறது, கண்ணாடி வளையல் போட்ட கை, முகம் தெரிவதில்லை, விழித்துப் பார்த்தால் அது தன் கைதான்.

பொங்கலுக்குப் பிறகு அவன் கொடுக்கிற சம்பளம் குறைந்துபோயிற்று, யாவாரம் மந்தம், என்றான், அவளும் நம்பி பாக்கெட் பொடிகளை நிறுத்தினாள், சந்தையில் மிளகாயும் மல்லியும் வாங்கி மொட்டைமாடியில் காயவைத்தாள், குழம்புப்பொடியும் கறிமசாலாவும் இனி வீட்டில்தான், மிச்சமாகும் என்று சந்தோஷப்பட்டாள், அப்போதுதான் அவன் ஒவ்வொன்றாய்ச் சொல்ல ஆரம்பிக்கிறான், மஞ்சள முழுசாப் போடாத, தட்டிப் போடு, மல்லி நல்லாக் காயலன்னா மிஷின்ல ஒட்டிக்கிடும், யாரு சொன்னா, என்று இவள் சிரித்தபடி கேட்க, கடையில பேசிக்கிட்டாக, என்று தட்டில் குனிந்துகொள்கிறான், பட்டுக்கடையில் மஞ்சளைப் பற்றிப் பேசுவது யார்.

காலையில் தேய்த்த சட்டையோடு போகிறவன் சாயங்காலம் குளித்த தலையோடு வருகிறான், புழுக்கமா இருந்துச்சு, குழாயடியில ரெண்டு செம்பு ஊத்திக்கிட்டேன், என்கிறான், எத்தனை செம்பு ஊற்றினாலும் காதுமடலுக்குப் பின்னால் மசாலா மணக்கிறது, இவள் வறுத்த மசாலா இல்லை அது, இவள் அன்னாசிப்பூ சேர்ப்பதேயில்லை, அதில் அன்னாசிப்பூ இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிரேமா வேறு, அண்ணாச்சிய ரயில்வே கேட்டுக்கிட்ட பாத்தேங்க்கா, கடை நேரத்துல அங்க என்ன சோலி, என்றாள், இவள் அவனிடம் கேட்கவில்லை, கேட்டால் உண்மையாகிவிடுமோ என்று பயந்தாள், அவன் தூங்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வறுத்ததை டப்பாவில் அள்ளிக்கொண்டு கிளம்பினால் வழக்கமான மில்லில் மோட்டார் பழுது, கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லு இருக்கு, என்றார்கள், அந்தப் பக்கம் என்றதும் பிரேமா சொன்னது காதில் கேட்டது, தண்டவாளம் தாண்டி ஒவ்வொரு வாசலாய்ப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள், அவன் செருப்பு எங்காவது கிடக்கிறதா, கொடியில் அவன் சட்டை தொங்குகிறதா, கோலம் போட்ட வாசலெல்லாம் அந்த இன்னொருத்தியின் வாசலாகவே தெரிந்தது.

மில்லுக்குள் ஒரே மிளகாய் நெடி, பனியனோடு முகத்தில் துண்டு கட்டிய ஆள் ஒருவன், பொடி விழுகிற இடத்தில் வெள்ளைத்துணியை உதறி விரித்து விரல்நுனியால் சுருக்கம் நீவினான், பட்டுப்புடவை நீவுவதுபோல, அந்த விரல்களை அவளுக்குத் தெரியும், அவன் நிமிர்ந்தான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

கடைய மூடிட்டாக செம்பகம், பொங்கலுக்கு முந்தியே, என்றான் துண்டை இறக்கி, வேற எங்கயும் வேல அமையல என்றும் சொன்னான், எங்கிட்டச் சொன்னா என்ன, என்றாள், எப்படிச் சொல்ல, நீ ஊர்ல எல்லாருக்கும் பட்டுக்கடைன்னுதானே சொல்லிவச்சிருக்க, என்றான், ஒருத்தி இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம், இப்போது யாரோடு போடுவது, பொய் சொல்லிட்டிகளே, என்று மட்டும் வந்தது, அவன் டப்பாவை வாங்கிக் கொட்டினான், மிஷின் ஓடி முடிகிறவரை இருமிக்கொண்டிருந்தான், இந்த இருமலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராமல் எங்கே வைத்திருந்தான்.

பொடி சுடச்சுட வந்தது, உடனே மூடாத, வேத்துரும், என்றான்.

அவள் டப்பாவைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள், ஆறட்டும், என்றாள், நீங்க வேலைய முடிங்க, சேந்தே போவோம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நம்ம தெருவுல யாராச்சும் கேட்டா மில்லுல வேலன்னு நானே சொல்லிக்கிடுதேன்.