ஏழு வயது மகளுக்கு ஒரு கீபோர்ட்

றோசாலிக்கு முப்பத்தொன்பது வயது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். சனிக்கிழமைகளில் மாதா கோயிலில் கிடந்த பழைய பியானோவில், புதிதாக வந்த இளம் சிஸ்டர் அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். நான்கு பாட்டு இரண்டு கையாலும் வந்துவிட்டது. இனி வீட்டிலும் பழக வேண்டும் என்றார் சிஸ்டர்.

"மலிவா ஒரு கீபோர்ட் வாங்குங்க அக்கா. கட்டை பெரிசா இருக்கணும். மெதுவாத் தொட்டா மெதுவாக் கேக்கணும், அழுத்துனா சத்தமாக் கேக்கணும். வேற எதையும் பாக்காதீங்க."

கூடுதல் கிலோ பறித்துச் சேர்த்த காசோடு, புருஷன் மத்தேயுவையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனாள். கடைக்காரர் நிஸாம், யாரோ பாவித்த பழைய கீபோர்ட் ஒன்றை எடுத்து வைத்தார். றோசாலி தொட்டுப் பார்த்தாள். சிஸ்டர் சொன்னபடியே இருந்தது. விலையும் கைக்குள் அடங்கியது.

"யாருக்குங்க? மகளுக்கா?" என்று நிஸாம் கேட்டார்.

"ஆமா, மகளுக்குத்தான்" என்றான் மத்தேயு.

அவர்களுக்குப் பிள்ளையே இல்லை.

"என்ன வயசு?"

"ஏழு."

"அப்ப இது சரிவராது. சின்னக் கைக்கு இதுதான் நல்லம்." நிஸாம் நல்லெண்ணத்தோடுதான் சிறிய கட்டைகள் உள்ள புதுப்பெட்டி ஒன்றை எடுத்தார். கட்டைகளில் விளக்கு எரிந்தது. தானாகவே பாட்டும் பாடியது.

"பெரிசே இருக்கட்டுங்க" என்றாள் றோசாலி.

"நீ சும்மா இரு. அவருக்குத் தெரியாதா?" என்றான் மத்தேயு.

அதற்கு மேல் பேசினால், மகள் இல்லை என்பதை அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். காசைக் கொடுத்தாள்.

லயத்து வீட்டுக்கு வந்து வாசித்தபோது ஒரு விரலுக்கு இரண்டு கட்டை அமுங்கியது. எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம்.

"யாருக்கு ஏழு வயசு?" என்று கேட்டாள்.

"கொழுந்து பறிக்கிறவ இந்த வயசுல பியானோ படிக்கிறான்னா சிரிக்க மாட்டாங்களா?"

"அதுக்காக இல்லாத புள்ளைக்கு வாங்குவீங்களா? அந்தப் புள்ளைக்காக நான் எத்தனை வருசம் அழுதேன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

மத்தேயு வெளியே போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பதுளைக்குப் பஸ் ஏறினாள்.

"மகளுக்குப் புடிக்கலையா?" என்றார் நிஸாம்.

"மகள் இல்லைங்க. எனக்குத்தான் கேட்டேன்."

நிஸாம் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தங்கச்சி. அந்தப் பெரிசை நேத்துத்தான் ஒருத்தர் கொண்டுபோனார். அந்த விலைக்கு வேற இல்லையே. காசாத் திருப்பித் தரவும் வழியில்லை."

திரும்பும் வழியில், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தாள். வேலைக்குப் போன தாய்மார் அங்கே விட்டிருந்த குழந்தைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து, எல்லாக் கட்டைகளையும் ஒரே நேரத்தில் அடித்தன.

மூன்று நாள் மத்தேயு எதுவும் கேட்கவில்லை. நாலாம் நாள் காலையில், "வித்துட்டியா?" என்றான்.

றோசாலி கூடையை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போனாள்.